திருப்தி என்ற எண்: லேசிக் பற்றிப் படித்தவை

லேசிக் பண்ணலாமா என்று யோசிக்க ஆரம்பித்த யாரும் முதல் நாளே சந்திக்கிற எண் ஒன்று இருக்கிறது. 95 சதவீதம் பேருக்குத் திருப்தி. சில கையேடுகளில் 95.4 என்று தசமத்தோடு வரும், சிலதில் தாராளமாக 96. தசமம் வந்தாலே நமக்கு ஒரு மரியாதை வந்துவிடும், யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள் என்று. எண்ணத்தான் செய்திருக்கிறார்கள். எதை எண்ணினார்கள் என்பதுதான் என் கேள்வி.

கடந்த சில மாதங்களாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் இரண்டு. எனக்கு இரண்டு கண்ணிலும் -3.25, வயது 44. என் மருமகனுக்கு (அக்கா மகன்) -5, வயது 23. இரண்டு பேருக்கும் ஒரே கையேட்டைத்தான் கொடுத்தார்கள். அது எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை, ஊர் மாறினாலும் இந்தக் கையேடு பெரிதாக மாறுவதில்லை. நான் டாக்டர் இல்லை. சர்வே படிவமும் பிழைப்பட்டியலும் பார்த்துப் பார்த்துப் பழகிய சாஃப்ட்வேர்காரன். அந்தப் பழக்கத்தோடு வாசித்த குறிப்பு என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 95.4 எங்கிருந்து வருகிறது? 2009-இல் 'ஆப்தல்மாலஜி' இதழில் சாலமனும் மற்றவர்களும் எழுதிய மீளாய்வுக் கட்டுரையிலிருந்து. அதுவரை வந்திருந்த லேசிக் ஆய்வுகளைச் சலித்து, நோயாளியிடம் திருப்தி பற்றிக் கேட்டிருந்த 19 கட்டுரைகளைப் பிரித்தெடுத்து, ஆட்களைக் கூட்டினார்கள். 2198 பேரில் 2097 பேர் திருப்தி. வகுத்தால் 95.4. கணக்கில் தப்பில்லை. ஆனால் 19 கட்டுரையிலும் கேள்வி ஒன்றல்ல, கேட்ட காலமும் ஒன்றல்ல. தனித்தனியாகப் பார்த்தால் 87.2 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை போகிறது. ஒரு ஆய்வில் நூற்றுக்கு நூறு பேரும் திருப்தி என்று வந்தால், என் தொழிலில் முதலில் படிவத்தைத்தான் சந்தேகப்படுவோம்.

அதைவிடப் பெரிய விஷயம், 'திருப்தியா?' என்பது கண்ணைப் பற்றிய கேள்வியே இல்லை. பணம் கட்டி, பயந்து, மேசையில் படுத்து, எழுந்து வந்த ஒரு முடிவைப் பற்றிய கேள்வி. கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் 'சந்தோஷமா இருக்கியா' என்று சொந்தக்காரர்கள் கேட்பது போலத்தான். பதில் பொய் இல்லை. ஆனால் அதை வைத்துச் சமையலறையில் என்ன நடக்கிறது என்று ஊகிக்க முடியாது.

இதை ஒழுங்காகக் கேட்கவேண்டும் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.வுக்கே தோன்றியது கொஞ்சம் தாமதமாகத்தான். லேசிக் கருவிகளுக்கு 1990-களின் கடைசியில் அனுமதி கொடுத்தார்கள். 2008 ஏப்ரலில் நடந்த பொது விசாரணையில், அறுவை செய்துகொண்டு அவதிப்பட்டவர்கள் நேரில் வந்து பேசினார்கள். அதற்குப் பிறகு தேசியக் கண் நிறுவனமும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து நடத்தியதுதான் ப்ரௌல் என்கிற ஆய்வு. முதல் பகுதியில் 262 கடற்படையினர், இரண்டாம் பகுதியில் 312 பொதுமக்கள். முடிவு 2017-இல் 'ஜாமா ஆப்தல்மாலஜி'யில் வந்தது. நான் படித்தவற்றில் நம்பி உட்கார்ந்து படிக்கக்கூடியது இதுதான். காரணம் எளிமையானது. அறுவைக்கு முன்னால் ஒரு படிவம், பின்னால் அதே படிவம், அதே ஆள். சுற்றுவட்டம் தெரிகிறதா, ஒளி நட்சத்திரம் மாதிரி தெறிக்கிறதா, இரட்டையாகத் தெரிகிறதா, கூசுகிறதா என்று தனித்தனியாகக் கேட்டார்கள். சும்மா சொல்லால் கேட்காமல் படம் காட்டிக் கேட்டார்கள்.

முடிவு இரண்டு முகமாக வந்தது. முன்பு எந்தப் பார்வைத் தொந்தரவும் இல்லாதவர்களில், மூன்றாம் மாதத்தில் புதிதாக ஏதோ ஒரு தொந்தரவு சொன்னவர்கள் முதல் பகுதியில் 43 சதவீதம், இரண்டாம் பகுதியில் 46 சதவீதம். முன்பு கண் வறட்சி இல்லாதவர்களில் ஏறத்தாழ 28 சதவீதம் பேர் வறட்சியைச் சொன்னார்கள். லேசிக்கை எதிர்க்கிறவர்கள் இந்த 43-ஐ எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் கொட்டடிக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது மூன்று உண்டு. ஒன்று, முன்பு ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் என்பதே சின்னக் கூட்டம். அதனால் அந்த 43, உண்மையில் ஏறத்தாழ 30-க்கும் 60-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு, கண்ணாடி போட்டிருந்தபோதே தொந்தரவு இருந்தவர்களில் பலருக்கு அறுவைக்குப் பின் அது குறைந்தது. மூன்று, அந்தத் தொந்தரவால் அன்றாட வேலையே கஷ்டம் என்ற அளவுக்குப் போனவர்கள் 1 சதவீதத்துக்கும் கீழே. பார்வையில் அதிருப்தி என்று சொன்னவர்கள் 1 முதல் 4 சதவீதம்.

ஆக 95-ம் உண்மை, 43-ம் உண்மை. ஒரே ஆள் 'எனக்கு சுற்றுவட்டம் தெரியுது' என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் 'திருப்தி' என்றும் டிக் போடலாம். எந்த ஆப்பை எடுத்தாலும் இதுதான் கதை. நாலரை நட்சத்திரமும் இருக்கும், தீர்க்காத பிழை நானூறும் இருக்கும். யார் எந்த எண்ணை உங்கள் முன்னால் வைக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே அவர் விற்கிறாரா தடுக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

ப்ரௌலில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு வேறு. தொந்தரவைத் தன் டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னவர்களைவிட, படிவத்தில் எழுதியவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல். அமெரிக்காவிலேயே அப்படி. நம்ம ஊரில் யோசித்துப் பாருங்கள். டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், 'எப்படி இருக்கு, நல்லாத் தெரியுதுல்ல?' என்று கேட்பார்கள். 'தெரியுது டாக்டர்' என்று சொல்லிவிட்டு வெளியே வருகிற ஆட்கள்தான் நாம். ராத்திரி எதிர் வண்டி விளக்கு தெறிக்கிறது என்பதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வோம். ஒரு டாக்டர் 'என் அனுபவத்தில் யாரும் குறை சொன்னதே இல்லை' என்றால் அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கமாட்டேன். அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இனி இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கணும். ஏனென்றால் கையேட்டில் 'கத்தி இல்லை, வலி இல்லை' என்று முடித்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கிற கணக்கு ரொம்ப அழகானது.

இதன் தொடக்கத்தில் ஒரு மதராஸ்காரர் இருக்கிறார். ரங்கசாமி சீனிவாசன், 1929-இல் மதராஸில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்கா போய் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஐ.பி.எம். நிறுவனத்தின் யார்க்டவுன் ஆய்வகத்தில் வேலை. 193 நானோமீட்டர் புற ஊதா எக்ஸைமர் லேசரை வைத்து பிளாஸ்டிக்கில் கோடு போடுவது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள், 1981 நவம்பரில், நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மீது அதைப் பாய்ச்சினார்கள். சுற்றியுள்ள திசு கருகவே இல்லை, வெட்டு மட்டும் சுத்தமாக விழுந்தது. கூட இருந்தவர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். பிறகு கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் சீனிவாசனோடு சேர்ந்து, 1983-இல் கருவிழியில் இதைச் செய்யலாம் என்று எழுதினார். மூன்று ஐ.பி.எம்.காரர்களுக்கும் 2013-இல் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கொடுத்தார். நம்ம ஊர்ப் பள்ளிப் பாடத்தில் இவர் பெயரைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. கோடிக்கணக்கான கண்கள் மேல் போயிருக்கிற ஒரு கதிர் இது!

ஒரு துடிப்புக்கு கால் மைக்ரான் அளவுதான் திசு போகும். எவ்வளவு ஆழம் செதுக்கவேண்டும் என்பதற்கு மன்னர்லின் என்பவர் பெயரில் ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, பவரால் பெருக்கி, மூன்றால் வகுக்கவேண்டும். விடை மைக்ரானில். 6 மி.மீ. வட்டம் என்றால் 36-ஐ மூன்றால் வகுத்து ஒரு டையாப்டருக்கு 12 மைக்ரான். என் -3.25-க்கு 39 மைக்ரான். வட்டத்தை 7 மி.மீ. ஆக்கினால் அதே பவருக்கு 53. இது குறைந்தபட்சக் கணக்கு, இன்றைய கருவிகள் ஓரத்தைச் சீராக்க இன்னும் கொஞ்சம் கூடவே எடுக்கும்.

வட்டத்தை ஏன் பெரிதாக்கவேண்டும்? இருட்டில் கண்மணி விரியும். விரிந்த கண்மணி, செதுக்கிய வட்டத்தைத் தாண்டினால், செதுக்கிய இடம் வழியாக ஒரு பிம்பமும் செதுக்காத ஓரம் வழியாக இன்னொன்றும் உள்ளே போகும். சுற்றுவட்டம், தெறிப்பு எல்லாவற்றுக்கும் இதுவே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு முக்கியக் காரணம். சரி, வட்டத்தைப் பெரிதாக்கினால் ஆழம் கூடும். ஆழம் கூடினால் கருவிழி மெலியும். கருவிழி மொத்தமே நடுவில் சராசரியாக 540 மைக்ரான். அதில் மேலே தூக்கும் மடல் 100, 110 போய்விடும், அது ஒட்டிக்கொண்டாலும் பழைய பலத்துக்கு வராது. அடியில் 250-ஆவது மிஞ்சவேண்டும் என்பது தொழில் வழக்கம். மிஞ்சாவிட்டால், அல்லது கருவிழி பிறவியிலேயே பலவீனமாக இருந்தால், வருடங்கள் கழித்து முன்பக்கம் புடைத்துக் கூம்பாகலாம். 1998-இல் தியோ சைலர் இதை எழுதினார், அதாவது அனுமதி கிடைத்த அதே காலத்தில். இன்று அறுவைக்கு முன்னால் கருவிழியின் மேடுபள்ள வரைபடம் எடுப்பதே இந்தக் காரணத்துக்காகத்தான். அந்த வரைபடத்தைக் கையில் தராமல் 'ஃபிட்' என்று மட்டும் சொன்னால் கேட்டு வாங்குங்கள்.

கையேட்டில் இருக்கிற இன்னொரு எண் 6/6. இது ஸ்னெல்லன் அட்டவணை, 1862-இல் வந்தது. வெளிச்சமான அறை, வெள்ளைப் பலகை, கன்னங்கரிய எழுத்து. அந்த உலகத்தில் நாம் யாரும் வாழவில்லை. மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளைக்கு ராத்திரி பைக்கில் வந்து பாருங்கள். ரோடு குறுகல், கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகள், எதிரே எல்.ஈ.டி. விளக்கை உயர்த்திப் போட்டுக்கொண்டு வருகிற கார்கள், நடுவில் கறுப்புச் சட்டை போட்டு ரோட்டைக் கடக்கிற ஆள். அங்கே தேவைப்படுவது சாம்பலிலிருந்து கறுப்பைப் பிரித்துப் பார்க்கிற திறன். அதை 6/6 அளக்காது. அளக்கத் தனிச் சோதனை இருக்கிறது, கேட்டால் செய்வார்கள். கேட்டால்.

நியாயமாகச் சொல்லணும் என்றால் கண்ணாடியும் அந்த ரோட்டில் ஒன்றும் தெய்வம் இல்லை. ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டு பருவமழையும் அடிக்கிற மாவட்டம் இது. கண்ணாடியில் நாலு துளி விழுந்தால் எதிர் விளக்கு நாற்பதாகத் தெரியும். ஹெல்மெட்டுக்குள் ஆவி படியும். இந்தத் தொல்லையைச் சேர்த்து எடை போடாமல் 'சுற்றுவட்டம் வருமாம், வேண்டாம்' என்று சொல்வதும் அரைக் கணக்குதான். ப்ரௌலில் பலருக்கு அறிகுறி குறைந்ததே, அது இந்தக் கணக்கின் மறுபாதி.

காலம் என்று ஒரு விஷயம் இருக்கிறது. அதில்தான் இந்தத் துறையின் வரலாறு எனக்குக் கொஞ்சம் தயக்கம் தருகிறது. ஜப்பானில் சாட்டோ என்ற மருத்துவர் கருவிழியின் உட்பக்கத்தில் கீறல் போட்டுக் கிட்டப்பார்வையைக் குறைத்தார். உட்பக்கச் செல் படலம்தான் கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கிறது என்பது அன்றைக்குச் சரியாகத் தெரியாது. ஆரம்பத்தில் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்தது. சுமார் 20 வருஷம் கழித்துப் பலருக்குக் கருவிழி வீங்கி மங்கிப்போனது. அடுத்து ரஷ்யாவில் ஃபியோதரோவ் பரப்பிய வெளிப்பக்க ஆரக்கீறல். அமெரிக்காவில் அதற்கென்று பெர்க் என்று ஓர் ஒழுங்கான ஆய்வு நடந்து, 10 ஆண்டு முடிவு 1994-இல் வந்தது. 43 சதவீதம் கண்களில் பவர், ஆறாம் மாதத்துக்கும் பத்தாம் ஆண்டுக்கும் இடையே 1 டையாப்டர் அல்லது அதற்கு மேல் தூரப்பார்வைப் பக்கம் நகர்ந்திருந்தது. (ப்ரௌலிலும் 43 வருவது தற்செயல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆறு மாதத்தோடு ஆய்வை நிறுத்தியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

லேசிக் அப்படி இல்லை என்பதையும் சொல்லணும். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, அந்த மாதிரிப் பெரும் சரிவு எதுவும் வரவில்லை. நான் கேட்பது வேறு. ப்ரௌல் எத்தனை மாதம் பார்த்தது? பொதுமக்களை மூன்று மாதம், கடற்படையினரை ஆறு மாதம். அவர்களின் சராசரி வயது என்ன? 30-ஐ ஒட்டி. நான் 44.

இந்த வித்தியாசத்தில்தான் கையேடு சுத்தமாகக் கைவிட்டுவிடுகிறது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் இறுகி, பக்கத்தில் உள்ளதைக் குவிக்கிற திறன் குறையும். ஆங்கிலப் பெயரைவிட நம்ம பெயர் அழகு: வெள்ளெழுத்து. எழுத்து வெளுத்துப்போகிறது. எல்லை தாண்டிப் பாறசாலைக்குப் போனாலும் அதே சொல்தான், மலையாளத்திலும் வெள்ளெழுத்து. வடக்கே தமிழில் சாளேசுரம் என்பார்கள். மராட்டியில் சாளிசி என்றால் நாற்பது வயதும் அதுதான், அந்த வயதில் போடுகிற கண்ணாடியும் அதுதான். சாளேசுரத்துக்குள்ளும் அந்த நாற்பதுதான் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நம்ம பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்த இந்த விஷயம் அந்த எட்டுப் பக்கக் கையேட்டில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரே வரியாக இருக்கிறது. வெள்ளெழுத்து வந்தவன் கண்ணாடி போட்டுத்தான் படிக்கணும்!

கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இங்கே ஒரு சலுகை இருக்கிறது. -3.25 என்றால், கண்ணாடியைக் கழட்டினால் 100-ஐ 3.25-ஆல் வகுத்து, சுமார் 31 செ.மீ. தூரத்தில் உள்ளது எந்த முயற்சியும் இல்லாமல் தெளிவாகத் தெரியும். லென்ஸ் எவ்வளவு இறுகினாலும் சரி, அறுபதிலும் தெரியும். திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் பழைய தொகுதிகளில் கல்வெட்டு மைப்படிகள் எவ்வளவு மங்கலாக இருக்கும் என்று இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். சிதறால் குன்றின் விக்கிரமாதித்த வரகுணன் கல்வெட்டின் வட்டெழுத்தை அதில் உற்றுப் பார்க்கும்போது நான் செய்வது கண்ணாடியைக் கழட்டி மூக்கருகே கொண்டுபோவதுதான். லேசிக் செய்தால் அந்த 31 செ.மீ. போய்விடும். தூரம் தெளியும், பக்கம் போகும். அதற்கு +2, +2.5 என்று படிக்கும் கண்ணாடி வாங்கிக்கொள்ளலாம், குருடாகிவிடப் போவதில்லை. ஆனால் 'கண்ணாடிக்கு விடை' என்ற அட்டைப்பட வாசகம் என் வயதுக்காரனிடம் சொல்லும்போது உண்மை இல்லை. ஒரு கண்ணாடிக்குப் பதில் இன்னொரு கண்ணாடி என்பதுதான் உண்மை.

எந்தக் கண்ணாடியை எத்தனை மணி நேரம் போடுவோம் என்று ஒரு வேலைநாளைக் குறித்துப் பார்த்தேன். குழித்துறையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில், திரும்பி ரயில், ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு பைக், மீட்டிங்கில் சுவர்த் திரை, ராத்திரி கொஞ்சம் டி.வி. தூரம் வேண்டிய நேரம் எல்லாம் சேர்த்து நாலரை மணி. லேப்டாப், போன், புத்தகம் பதினொரு மணி. இன்னும் ஐந்தாறு வருஷத்தில் கண் முழுதாக இறுகும்போது, லேசிக் செய்துகொண்ட நான் இந்தப் பதினொரு மணி நேரமும் கண்ணாடியோடு இருப்பேன். 25 வயதுக்காரனுக்கு இதே கணக்கு நேர்மாறாக வரும், அவனுக்கு இன்னும் பதினைந்து, இருபது வருஷம் இரண்டும் சும்மா தெரியும். ஒரே அறுவை, ஒரே 95.4. கிடைப்பது வேறு.

இதற்கு ஒரு மாற்று சொல்வார்கள். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் இன்னொன்றைக் கொஞ்சம் கிட்டப்பார்வையாகவும் விட்டுவிடுவது. சிலருக்கு மூளை பிரமாதமாகப் பழகிக்கொள்கிறது, சிலருக்கு ஆழம் கணிப்பது சிரமமாகிறது. நல்ல விஷயம் என்னவென்றால், இதைக் கத்தி படாமல் சோதித்துப் பார்க்கலாம். அதே பவரில் காண்டாக்ட் லென்ஸ் போட்டு இரண்டு வாரம் ஓட்டிப் பார்ப்பது. முழுத் திருத்தத்தையும் அப்படியே சோதிக்கலாம். சாஃப்ட்வேரில் எதையும் நேரே லைவில் ஏற்றமாட்டோம், ஸ்டேஜிங்கில் போட்டுப் பார்ப்போம். பின்னோக்கித் திருப்ப முடியாத மாற்றம் என்றால் கண்டிப்பாக. நான் முழுத் திருத்தத்தைப் பத்து நாள் போட்டுப் பார்த்தேன். மழையில் பைக் ஓட்டியது சொர்க்கம். மூன்றாம் நாள் மருந்து அட்டையின் காலாவதித் தேதியை வாசிக்க மகளைக் கூப்பிட்டேன். நான் செய்துகொள்ளப் போவதில்லை என்று முடிவானது அங்கேதான், புள்ளிவிவரத்தில் இல்லை.

கையேட்டில் இல்லாத இன்னும் இரண்டு. கருவிழி மெலிந்த பிறகு கண் அழுத்தத்தை அளந்தால் கருவி குறைத்துக் காட்டும். பின்னாளில் குளுக்கோமா பார்க்கிற டாக்டருக்கு நீங்கள் லேசிக் செய்தது தெரிந்திருக்கவேண்டும். அதே மாதிரி, கண்புரை வரும்போது உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரங்கள், கருவிழியின் வளைவு இயல்பாக இருக்கிறது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை. லேசிக் செய்த கண்ணில் அது பிசகி, தூரப்பார்வைப் பக்கம் பவர் மிஞ்சிப்போக வாய்ப்புண்டு. இதற்கென்று திருத்திய சூத்திரங்கள் வந்துவிட்டன, அவற்றில் பலதுக்கும் அறுவைக்கு முந்தைய அளவுகள் இருந்தால் நல்லது. முப்பது வருஷம் கழித்து அந்தக் காகிதம் யாரிடம் இருக்கும்? ஆஸ்பத்திரி இருக்குமா என்பதே சந்தேகம். ஆதார் அட்டையோடு லேமினேட் பண்ணி வைக்கவேண்டிய காகிதம் அது.

2022 ஜூலையில் எஃப்.டி.ஏ. ஒரு வரைவு வெளியிட்டது. லேசிக் கருவியோடு நோயாளிக்குத் தரவேண்டிய தகவல் என்ன என்று நீளப் பட்டியல், கூடவே முடிவெடுக்க ஒரு சரிபார்ப்புப் பட்டியல். அமெரிக்க அறுவை மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. நன்மையைச் சொல்லாமல் பயத்தை மட்டும் கூட்டுகிறது என்றார்கள். அந்த எதிர்ப்பில் கொஞ்சம் நியாயம் உண்டு. பட்டியல் நீளமாக நீளமாக யாரும் படிக்கமாட்டார்கள், நாமெல்லாம் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை எப்படி அழுத்துகிறோம் என்பது தெரிந்ததுதானே. எனக்குத் தோன்றுவது, எல்லாருக்கும் ஒரே பட்டியல் என்பதே பிசகு. முதல் கேள்வி வயது. இரண்டாவது, எந்தத் தூரத்தில் பிழைப்பு நடக்கிறது. மூன்றாவது, ராத்திரி வண்டி ஓட்டுவீர்களா. இந்த மூன்றுக்குப் பதில் சொன்ன பிறகு மிச்சப் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

மருமகன் விஷயம். அவன் படித்தது ஒரு பக்கமும் இல்லை, நேரே வந்து, "மாமா, செய்யலாமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க" என்றான். 23 வயது, -5. 6.5 மி.மீ. வட்டத்துக்கு 70 மைக்ரான். கருவிழி 520 இருந்தாலே மடல் போக 340 மிஞ்சும். வயதுக் கணக்கும் அவன் பக்கம். வரைபடம் சுத்தமாக இருந்தால், பவர் ஒரு வருஷமாவது அசையாமல் இருந்தால், செய்துகொள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவன் செய்ய நினைத்தது ரயில்வே உதவி லோகோ பைலட் வேலைக்காக. கோச்சிங்கில் கூடப் படிக்கிற பையன் யாரோ, "லேசிக் பண்ணுனா 6/6 கெடச்சிரும்டே, மெடிக்கல்ல பாஸாயிரலாம்" என்று சொல்லியிருக்கிறான். கையேட்டின் மூன்றாம் பக்கத்திலும் சீருடை போட்ட ஒரு பையன் படம் இருக்கிறது, கீழே ஒரு வார்த்தையும் இல்லை. ரயில்வே அறிவிப்பை எடுத்துக் காட்டினேன். அந்த வேலைக்கு ஏ-1 மருத்துவத் தரம். கண்ணாடி இல்லாமல் 6/6 வேண்டும், லேசிக் செய்திருக்கவும் கூடாது. இரண்டும் அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. மறைக்கவும் முடியாது, கருவிழியைப் படமெடுத்தால் தட்டையான நடுப்பகுதி காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடியோடு தேறக்கூடிய சி-1, சி-2 தரப் பணிகள் அதே ரயில்வேயில் இருக்கின்றன என்பதையும் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

போன வாரம் புதுக் கண்ணாடி போட மார்த்தாண்டத்துக்குப் போய்விட்டு வந்தான். பவர் 0.25 கூடியிருக்கிறதாம்.